ஆய்வுக்கூடத்திலிருந்து நம் மஹல்லா வரை

(நமது அறக்கட்டளையின் இவ்வாண்டுக் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இன்று காசோலை வாங்கப்போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொறியியலும் கணினியும் படிப்பவர்கள். சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் பெற்றோர்கள் நம் அலுவலகத்துக்கு வந்து ஆலோசனை கேட்கிறார்கள். "எந்தக் காலேஜ் நல்லது? பீஸ் எவ்வளவு? முடித்தவுடன் வேலை கிடைக்குமா?" இந்த மூன்று கேள்விகளும் நியாயமானவைதாம். ஆனால் நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "அங்கே பாடம் நடத்தும் பேராசிரியர்கள் வகுப்பு முடிந்த பிறகு என்ன செய்கிறார்கள்?" என்பதே அது.

நல்ல கல்வி நிறுவனத்தில் பேராசிரியரின் வேலை வகுப்பறையோடு முடிவதில்லை. மீதி நேரம் அவர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். இதுவரை யாரும் விடை காணாத ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டுகிறார். அதில் என்ன விளைந்தது, அதனால் நமக்கு என்ன பயன், அந்த இடத்துக்கு நம் பிள்ளைகள் போக வழி என்ன என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னை கிண்டியில் இருக்கிற ஐ.ஐ.டி. 1959-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. நம்மில் பலர் அடையாறு பக்கம் பேருந்தில் போகும்போது அதன் மதில் சுவரைப் பார்த்திருப்போம். உள்ளே மான்கள் திரிகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம். அங்கே மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது நம் எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கிற இடம்.

முதலில் சக்கர நாற்காலியைப் பற்றிச் சொல்கிறேன்.

அங்கே இயந்திரப் பொறியியல் துறையில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் என்ற அம்மையார் இருக்கிறார். நடக்க இயலாதவர்களுக்கான கருவிகளை உருவாக்கவே தனியாக ஓர் ஆய்வு மையத்தை நடத்துகிறார். 2019-இல் அவருடைய குழு 'அரைஸ்' என்ற சக்கர நாற்காலியை வெளியிட்டது. அதில் உட்கார்ந்திருப்பவர் யாருடைய துணையும் இல்லாமல் தாமே எழுந்து நிற்கும் நிலைக்கு வரலாம், மறுபடி உட்காரலாம். "நிற்பதால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று நமக்குத் தோன்றும். நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவருக்கு இரத்த ஓட்டம் குறைகிறது, எலும்பு வலுவிழக்கிறது, உட்காரும் இடத்தில் புண் வருகிறது. அந்தப் புண் ஆறாமல் உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. தினமும் சிறிது நேரம் நிற்க முடிந்தால் உடம்புக்கு நல்லது; எதிரே நிற்பவரைக் கண்ணோடு கண் பார்த்துப் பேச முடிந்தால் மனதுக்கும் நல்லது. வெளியிட்டபோது அதன் விலை சுமார் 15,000 ரூபாய்.

அடுத்த ஆண்டு, 2020-இல், 'நியோஃபிளை', 'நியோபோல்ட்' என்று இரண்டு வந்தன. நியோஃபிளை என்பது அமர்பவரின் உடல் அளவுக்கு ஏற்ப 18 வகையில் மாற்றி அமைக்கக்கூடிய நாற்காலி. நியோபோல்ட் அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் வண்டி. மாட்டினால் நாற்காலியே சாலையில் ஓடும் வாகனமாகிவிடும். ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 25 கிலோமீட்டர் போகலாம். கடைத்தெருவுக்கும் வேலைக்கும் பள்ளிவாசலுக்கும் இன்னொருவர் தள்ளிக்கொண்டு போகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2025-இல் அதே மையம் ஒன்பது கிலோ எடை மட்டுமே கொண்ட ஒரு நாற்காலியையும் வெளியிட்டது. ஒரு கையால் தூக்கிக் காருக்குள் வைத்துவிடலாம்.

2022-இல் அவர்கள் செய்த இன்னொன்று 'கதம்'. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கான செயற்கை முழங்கால் மூட்டு. அரபியில் கதம் என்றால் பாதம். உருதுவிலும் இந்தியிலும் அதுவே எடுத்து வைக்கும் அடியைக் குறிக்கும். சாதாரண செயற்கை மூட்டு கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்கும். கதம் பல அச்சுகளில் மடங்குகிறது. அதனால் ஊன்றி நிற்கும்போது உறுதியாக நிற்கிறது; காலை முன்னால் வீசும்போது எளிதாக மடங்குகிறது. 160 பாகை வரை மடங்கும் என்பதால் பேருந்திலும் ஆட்டோவிலும் நெருக்கமான இடத்தில் காலை மடக்கி உட்கார முடிகிறது.

நம் டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் இதே வழியை முன்பே காட்டியிருக்கிறார்கள். ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளைக் கொண்டு, ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் இருந்த போலியோ பாதித்த பிள்ளைகளுக்குக் காலில் மாட்டும் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். மூன்று கிலோவுக்கு மேல் இருந்த சுமை சுமார் 300 கிராமாகக் குறைந்தது. தம் வாழ்நாளில் தமக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தவற்றுள் ஒன்றாக அதைப் பலமுறை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் நமக்கு ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. நம் அறக்கட்டளை மாற்றுத் திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலி கொடுக்கிறது. பெருநாள் சட்டையை அளவெடுக்காமல் தைப்போமா? ஒருவர் பத்து மணி நேரம் உட்காரப் போகும் நாற்காலிக்கு அளவெடுக்க வேண்டாமா? இடுப்பின் அகலம், தொடையின் நீளம், பாதம் வைக்கும் உயரம் ஆகிய மூன்றும் பொருந்தவில்லையென்றால் கொடுத்த நாற்காலி மூலையில் கிடக்கும்; அல்லது புண்ணைக் கொண்டுவரும். ஆகவே இனி நாற்காலிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டில் வந்து பார்த்து அளவெடுத்த பிறகே வாங்குவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. எண்ணிக்கை குறையலாம். குறைந்தாலும் கொடுப்பது பயன்படும்.

இரண்டாவதாகச் சொல்லப்போவதை மேடையில் பேசவே பலர் கூச்சப்படுவார்கள். செப்டிக் டேங்க் பற்றியது.

நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் மதரஸா விடுதிகளிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. நாளடைவில் அதன் அடியில் கழிவு இறுகிப் படிந்துவிடுகிறது. லாரி கொண்டுவந்து குழாய் போட்டு உறிஞ்சினால் மேலே இருக்கும் தண்ணீர்தான் வரும். அடியில் இறுகியது வராது. அப்போதுதான் ஓர் ஏழை மனிதரை உள்ளே இறக்குகிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் தங்கியிருக்கின்றன. இறங்கியவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். ஆண்டுதோறும் பத்திரிகையில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு இதற்கு 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தை உருவாக்கியது. சுழலும் கத்திகளை டேங்குக்குள் இறக்கி, இறுகிய கழிவை உடைத்துக் கலக்கிக் கூழாக்கி, பிறகு உறிஞ்சி எடுக்கிறது. மனிதர் வெளியே நின்று இயக்கினால் போதும். துப்புரவுப் பணியாளர் உரிமைக்காகப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்போடு கலந்து பேசி அதை வடிவமைத்தார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் களத்துக்கு வந்தபோது முதல் இயந்திரங்களை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம்.

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று சொல்கிறேன். இது தொடங்கியது ஒரு முதுநிலை மாணவரின் இறுதியாண்டு புராஜெக்டாகத்தான். நம் ஊர்ப் பக்கங்களில் இறுதியாண்டு புராஜெக்ட் கடையில் விலைக்குக் கிடைக்கிறது. பணம் கொடுத்து வாங்கி, அட்டையில் பெயர் போட்டுச் சமர்ப்பித்துவிடுகிறார்கள். அங்கே ஒரு மாணவர் அதே புராஜெக்டை மனித உயிரைக் காக்கும் இயந்திரமாக்கினார். அவருக்கும் நமக்கும் பாடத்திட்டம் பெரிதாக வேறில்லை.

பெரியவர்களும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். மனிதரைச் செப்டிக் டேங்குக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உயிரிழந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம் வீட்டுக் கழிவுக்காக இன்னொருவர் வீட்டுப் பிள்ளை யத்தீமாகக் கூடாது. நம் மஹல்லாவில் எந்த வீட்டிலும், எந்தப் பள்ளிவாசலிலும் ஆளை உள்ளே இறக்குவதில்லை என்று ஜமாஅத் தீர்மானம் போட வேண்டும் என இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரத்துக்குச் செலவு கூடுதலாகும் வீடுகளுக்கு அறக்கட்டளை உதவத் தயாராக இருக்கிறது.

மூன்றாவது, மொழி.

நம் வீட்டில் வயதான உம்மாக்கள் செல்போனை வைத்துக்கொண்டு, "இதுல என்னமோ வந்திருக்கு, படிச்சுச் சொல்லு" என்று பேரப்பிள்ளையைக் கூப்பிடுவதைப் பார்க்கிறோம். வங்கியிலிருந்து வரும் செய்தி, மருத்துவமனைச் சீட்டு, அரசு விண்ணப்பம் எல்லாம் ஆங்கிலத்தில். இந்தத் தடையை உடைக்கும் வேலையைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கணினித் துறையினர் செய்து வருகிறார்கள்.

பேராசிரியர் ஹேமா மூர்த்தி பல ஆண்டுகளாகப் பேச்சுத் தொழில்நுட்பத்தில் உழைத்தவர். எழுத்தைக் குரலாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்ததில் அவருக்கும் அவரோடு பணியாற்றிய பல நிறுவனங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பார்வையற்ற பிள்ளை தமிழ்ப் புத்தகத்தைக் கணினி வழியே காதால் படிக்க முடிகிறதென்றால் அதன் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

பேராசிரியர் மிதேஷ் கப்ராவும் அவருடைய நண்பர்களும் 'ஏஐ4பாரத்' என்ற ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். 2022-இல் நந்தன் நிலேகணி தம்பதியர் 36 கோடி ரூபாய் நன்கொடை அளித்தார்கள். 2023-இல் அந்தக் குழு அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் மொழிபெயர்ப்புச் செய்யும் மென்பொருளை வெளியிட்டது. தமிழும் உருதுவும் அதில் உண்டு. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

இதில் கடினமான பகுதி எது தெரியுமா? கணினிக்கு மொழி தானாக வராது. குழந்தை மாதிரி கேட்டுக் கேட்டுத்தான் கற்கிறது. ஆங்கிலம் இணையத்தில் மலை மலையாகக் கிடக்கிறது. நம் மொழிகள் அப்படிக் கிடைக்கவில்லை. ஆகவே அந்தக் குழு ஊர் ஊராகப் போய் மக்களைப் பேசவைத்துப் பதிவு செய்தது. முதலில் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் குரல், 7,348 மணி நேரம். புத்தகத்தைப் பார்த்து வாசித்தது அதில் சிறு பகுதிதான். பெரும்பகுதி மக்கள் தம் வாயால் இயல்பாகப் பேசியது.

இதை நாம் கவனிக்க வேண்டும். கேட்காத பேச்சு இயந்திரத்துக்குப் புரியாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பேசும் தமிழ் ஒரு விதம். வாணியம்பாடி, ஆம்பூரில் பேசும் உருது ஒரு விதம். வாப்பா, உம்மா, லாத்தா, காக்கா என்று நாம் கூப்பிடும் சொற்களும், நம் பேச்சின் இழுப்பும் அந்தத் தொகுப்புகளில் சேர வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. பதிவு செய்ய வரும்போது நாம் பேச வேண்டும். அந்த மென்பொருளை எழுதும் மேசையில் நம் பிள்ளைகளில் சிலராவது உட்கார வேண்டும்.

நான்காவது, சிப்.

உங்கள் கையில் இருக்கும் செல்போன், வீட்டில் உள்ள வாஷிங் மெஷின், மருத்துவமனையில் உள்ள ஈசிஜி கருவி எல்லாவற்றிலும் பிராசஸர் என்ற மூளை ஒன்று இருக்கிறது. அந்த மூளையின் வடிவமைப்பு பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுடையது. கணினித் துறைப் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் சென்னை ஐ.ஐ.டி. குழு 'சக்தி' என்ற பெயரில் சொந்தமாக பிராசஸர் வடிவமைக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாகி, உரிமத் தொகை இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற கட்டளை முறையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். 2018-இல் முதல் சிப்கள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் தயாரானது. இன்னொன்று நம் நாட்டிலேயே சண்டிகரில் தயாரானது.

2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து 'ஐரிஸ்' என்ற சிப்பை அறிவித்தார்கள். விண்வெளிப் பணிக்கானது. வடிவமைப்பு சென்னையில், தயாரிப்பு சண்டிகரில், மேலுறையிடுதல் கர்நாடகத்தில், அது அமரும் பலகை குஜராத்தில், கடைசியாகப் பொருத்துதல் மறுபடி சென்னையில். செல்போனில் இருக்கும் சிப்போடு ஒப்பிட்டால் இது பழைய தலைமுறைத் தயாரிப்பு முறைதான். ஆனால் விண்கலத்துக்கு வேண்டியது வேகத்தைவிட நம்பகம். சக்தியின் வடிவமைப்பு திறந்த நிலையில் இருக்கிறது. நம் பிள்ளை எந்தக் கல்லூரியில் படித்தாலும், அதைப் பதிவிறக்கிப் பார்த்துக் கற்றுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஐந்தாவது, ராக்கெட்.

விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்ய சக்ரவர்த்தி எரிதல் பற்றிய ஆய்வு மையத்தின் தலைவர். அவரோடு ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் எஸ்.பி.எம். என்ற இரண்டு இளைஞர்கள் சேர்ந்து 2017-இல் 'அக்னிகுல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஐ.ஐ.டி. வளாகமே அதன் தொட்டில். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில், துண்டு துண்டாக ஒட்டாமல், ஒரே துண்டாக அச்சிட்டு எடுத்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டார்கள். அதற்கு முன் பலமுறை நேரம் குறித்து, ஆட்கள் கூடி, கடைசி நேரத்தில் கோளாறு தெரிந்து நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் என்ன கோளாறு என்று பார்த்துச் சரி செய்துவிட்டுத் திரும்ப வந்தார்கள். இதைத்தான் ஆராய்ச்சி என்கிறோம்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுகூட ஓராண்டில் நடந்ததல்ல. ஒன்றுகூடத் தனி ஒருவர் செய்ததல்ல. ஒவ்வொன்றிலும் சம்பளத்தோடு வேலை பார்க்கும் ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள். 'சம்பளத்தோடு' என்ற சொல்லை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் நம் பெற்றோரின் மூன்று தயக்கங்களில் முதலாவது அதுதான்.

"படித்தது போதும், குடும்பத்தைப் பார்க்க வேண்டும். துபாய்க்கு விசா ரெடியாக இருக்கிறது" என்கிறார்கள். குடும்பத்தின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. தம்பி தங்கைகளுக்காக வெளிநாடு போகும் பிள்ளையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 'கேட்' தேர்வில் தகுதி பெற்று எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் முழுநேர பிஎச்.டி. ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய். பிறகு 42,000 ரூபாய். 2023 முதல் இதுதான் விகிதம். பொறியியல் முடித்துவிட்டு இதைவிடக் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பிஎச்.டி. என்றால் வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கென்று இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. அது பலருக்கு இழப்பு. அந்தக் கதவு மூடியதால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. மேலே சொன்ன தொகைகள் தகுதியின் அடிப்படையில் எல்லோருக்கும் பொதுவானவை.

இரண்டாவது தயக்கம், பெண் பிள்ளைகள். "எவ்வளவு தூரம் படிக்க வைப்பது? வெளியூர் விடுதியில் எப்படி விடுவது?" என்கிறார்கள். இன்று நான் பெயர் சொன்ன பேராசிரியர்களில் இருவர் பெண்கள். இன்னொரு செய்தி: சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் முதன்முதலாக வெளிநாட்டில் ஒரு வளாகத்தைத் தொடங்கியது. எங்கே? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில். அதன் பொறுப்பை ஏற்றவர் பேராசிரியர் பிரீத்தி அகலாயம் என்ற பெண்மணி. ஐ.ஐ.டி. வளாகம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். சான்சிபார் மக்கள் தம் பிள்ளைகளுக்காக நம் ஊர் ஐ.ஐ.டி.யைக் கடல் கடந்து அழைத்திருக்கிறார்கள். நமக்கு அது ஒரு ரயில் பயணத் தூரம்.

வெளியூர் அனுப்ப இயலாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பை இணைய வழியில் நடத்துகிறது. ஜே.இ.இ. தேர்வு தேவையில்லை, வயது வரம்பு இல்லை, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்தில் நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. இடையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். மதரஸாவில் ஓதிக்கொண்டே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளும் இதில் சேரலாம். ஆனால் சுலபம் என்று நினைத்துச் சேராதீர்கள். கணிதம் கடினமாகவே இருக்கும். தினமும் உட்கார்ந்து படிப்பவர்தான் தேறுவார்.

மூன்றாவது தயக்கம், "நம் பிள்ளை சாதாரணக் காலேஜில் படிக்கிறான், இதெல்லாம் அவனுக்கு எட்டுமா?" என்பது. 'கேட்' தேர்வை மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். அதற்கான பாடங்களை ஐ.ஐ.டி. பேராசிரியர்களே நடத்தியிருக்கும் என்.பி.டெல். காணொளிகள் இலவசம், சான்றிதழ் வேண்டி எழுதும் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். கல்லூரி எதுவானாலும் ஆசிரியர் இவர்களே என்ற நிலை வந்துவிட்டது.

ஆவணம் பற்றி ஒரு முன்னெச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் நமக்குள்ள 3.5 சதவீத இட ஒதுக்கீட்டுக்காக வாங்கும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. அங்கே மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல், விண்ணப்பம் தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். இதற்கு நம் அலுவலகம் வழிகாட்டும்.

எல்லாப் பிள்ளைகளும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாண்டு பொறுமை வேண்டும்; தோல்வியைத் தாங்கும் மனம் வேண்டும்; பிடிக்காதவரை இழுத்துவிட்டால் பாதியில் நிற்பார். ஆனால் பிடித்த பிள்ளை, அப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாமல் வேறு பக்கம் போய்விடக் கூடாது. நூறு பேரில் ஒருவர் போதும். அந்த ஒருவர் அடுத்த ஆண்டு விடுமுறையில் வந்து தெருப் பிள்ளைகளோடு பேசினால், பத்துக் கூட்டம் போட்டு நான் பேசுவதைவிட அது வேலை செய்யும்.

ஆகவே இவ்வாண்டு முதல் அறக்கட்டளை இரண்டு புதிய உதவிகளைச் செய்கிறது. ஒன்று, மூன்றாம், நான்காம் ஆண்டு பொறியியல் மாணவர்களில் 'கேட்' எழுத விரும்புவோருக்கு விண்ணப்பக் கட்டணம், புத்தகம், நேர்முகத்துக்குப் போய்வரும் பயணச் செலவு. இரண்டு, இணையவழிப் பட்டப்படிப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குத் தகுதித் தேர்வுக் கட்டணம். அவர்கள் உட்கார்ந்து படிக்க நம் நூலகத்தில் அஸருக்குப் பிறகு தனி அறையும் கணினியும் இருக்கும். இரண்டுக்கும் விண்ணப்பப் படிவம் இன்று வெளியே மேசையில் இருக்கிறது. பெற்றோர் கையொப்பம் கட்டாயம். பிள்ளை விரும்பினால் மட்டும் போதாது, வீடும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தோம்.

காசோலை வாங்க மேடைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். "உங்கள் தெருவில் தீராமல் இருக்கும் ஒரு தொல்லையைச் சொல்லுங்கள்." சாக்கடையாக இருக்கலாம், உப்புத் தண்ணீராக இருக்கலாம், படி ஏற முடியாத பாட்டியாக இருக்கலாம். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். இறுதியாண்டில் புராஜெக்ட் தேடும்போது அது உங்களுக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.